கும்பிடு போட்டதும் கிளம்பிய பாலே

பூச்சி, ஊர் ஊராகப் போய் நீ எழுதிய இந்தப் பக்கத்தில் இன்று நான் எழுதுகிறேன். உன் போன்தான், ஒரு விரல்தான். மாசியில் நீ கண்ணை மூடினபிறகு இங்கே எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். நாம் இரண்டு பேரும் போன அந்தப் பயணம் மட்டும் இதில் இல்லை.

படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். எண்பதுகளின் தொடக்கம், குற்றாலத்தில் சாரல் காலம். வெளிநாட்டுக் குழு ஒன்று பாலே ஆட வந்திருந்தது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி பாஸ் கொடுத்தார். என் மகள் பூச்சிக்கு அப்போது பத்து வயது. ஒரு வாரமாகக் கட்டைவிரலில் நின்று நின்று பார்த்து விழுந்துகொண்டிருந்தாள்.

அச்சன்புதூரில் இரண்டு மணிக்குப் பஸ் ஏறினோம். தென்காசியில் இறங்கி வேறு பஸ். அங்கிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர், எனக்கு அறுபது பைசா, அவளுக்கு அரை டிக்கெட். நாலு மணிக்கு ஆட்டம். தகரக் கொட்டகை, மேலே சாரல் சத்தம். பேச்சே கிடையாது, வெறும் ஆட்டம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

ஐந்தேகாலுக்கு வெள்ளை உடுப்புக்காரி தரையில் விழுந்தாள். திரை இறங்கியது. உடனே எல்லாரும் திரைக்கு முன்னால் வரிசையாக வந்து கும்பிட்டார்கள், விழுந்தவளும்தான். எங்கள் ஊர்க் கோயில் கொடையில் நாடகம் முடிந்தால்தான் ஆடினவர்கள் வந்து கும்பிடுவார்கள், மங்களம் பாடுவார்கள். நான் எழுந்துவிட்டேன்.

"எம்மா, முடியலம்மா. விழுந்தவ இன்னும் எந்திரிக்கல."

"இப்பம் வந்து கும்பிட்டாளே, கண்ணு அவிஞ்சா போச்சு? நடட்டி."

"கும்பிட்டது ஆடுதவம்மா. கதையில அவ அங்கனதான் கெடக்கா."

தொடையில் கிள்ளி இழுத்துக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸில் கண்டக்டர் சிரித்தார். "என்னக்கா, இடைவேளையிலயே ஓடியாந்துட்டிய? காலத் தூக்கி ஆடுதான்னு வெக்கமோ?"

பஸ் இன்னும் நகரவில்லை. இவள் என் முகத்தையே பார்த்தாள். இறங்கியிருக்கலாம், கொட்டகை கூப்பிடு தூரம்தான். ஆனால் பஸ்ஸே சிரித்தது. "எங்களுக்குத் தெரியும், சீட்டக் கிழியும்" என்றேன். தென்காசி வரைக்கும் அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். அடுத்த வருஷம் வருவார்கள் என்று சமாதானம் சொன்னேன். அவர்கள் அப்புறம் வரவே இல்லை.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இப்படி ஒன்றுக்குப் போகிறவர்கள் ஊர் திரும்பக் கடைசி பஸ் எப்போது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு எட்டரைக்கும் ஒன்று இருந்ததாம். திரை இறங்கினால் பக்கத்தில் இருப்பவரிடம், முடிந்ததா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் ஒன்றும் குறைந்துவிட மாட்டோம். அதைவிட, பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்.

எனக்கு அந்த ஆட்டத்தின் பெயர்கூடத் தெரியாது. நீ எத்தனை தேசம் போனாய், ஏதோ ஒரு ஊரில் மீதியைப் பார்த்திருப்பாய் என்று இந்தப் பக்கம் முழுக்கத் தேடினேன். ஒரு வரி இல்லை. நான் வருத்தப்படுவேன் என்றுதான் எழுதாமல் விட்டாயோ என்னவோ.

ஏட்டி பூச்சி, கீழ கெடந்தவ எந்திரிச்சாளா?