பெரியம்மா சொன்ன ஓம்

என் தம்பிக்கு ஆறு மாதம் நிறைய இன்னும் எட்டு நாள் இருந்தபோது நோன்புப் பெருநாள் வந்தது. எனக்கு எட்டு வயது. அத்தனை வருடமும் தனிப்பிள்ளையாக இருந்து, துஆக் கேட்டுக் கேட்டு வாங்கிய தம்பி என்பதால் அவன் எனக்கே சொந்தம் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. உம்மாவும் வாப்பாவும் அவனைப் பார்த்துக்கொள்வதற்காக இருப்பவர்கள், அவ்வளவுதான்.

ஆனால் பார்த்துக்கொள்கிறவர்களில் ஒருவர் எல்லை மீறிக்கொண்டிருந்தார். அவர் எங்கள் பெரியம்மா. உம்மாவின் ஒரே அக்கா. உம்மா அவரை ராத்தா என்பார்.

எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். உம்மாவின் வாப்பா கல்முனையில் இருந்த தன் வளவை இரண்டாகப் பிரித்து, மூத்த மகளுக்கு ஒன்றும் இளைய மகளுக்கு ஒன்றுமாக வீடு கட்டிக் கொடுத்திருந்தார். நடுவில் மதில். மதிலில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு இடைவெளி. அதைக் கடப்பு என்போம். கறிவேப்பிலை, காய்ச்சல் மருந்து, ஊர்க் கதை எல்லாம் அந்தக் கடப்பால்தான் வந்துபோகும்.

உம்மா டீச்சர். பிரசவ லீவு முடிந்து அவர் வேலைக்குத் திரும்பியதிலிருந்து தம்பி பகலெல்லாம் பெரியம்மாவிடம்தான் இருந்தான். பெரியம்மாவுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருடம். பிள்ளை இல்லை. நோன்பு மாதம் பிறந்து பள்ளிக்கூடம் மூடியதும் உம்மா வீட்டில் நின்றார். இனிப் பெரியம்மாவுக்கு இங்கே வேலையில்லை என்று நான் நினைத்தேன். அவர் அப்படி நினைக்கவில்லை. காலை பத்து மணியானால் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டபடி கடப்பால் வந்துவிடுவார்.

“தண்ணி சுட வெச்சயா?” என்று தங்கச்சியைக் கேட்பார்.

தம்பியைக் குளிப்பாட்டுவதை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கிணற்றடியில் பலகை போட்டு உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, அவனைக் கணுக்காலுக்கு மேல் மல்லாத்தி வைத்து எண்ணெய் தேய்ப்பார். தேய்க்கத் தேய்க்க அவன் பாட்டுப் போல ஒரு சத்தம் போடுவான். ஏணையில் போட்டு நான் ஆட்டும்போது அவன் ஒருநாளும் அப்படிச் சத்தம் போட்டதில்லை. என்னிடம் அவன் செய்ததெல்லாம் என் தலைமயிரைப் பிடித்து இழுப்பதும், என் மடியை நனைப்பதும்தான். அதையும் நான் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன். இருந்தாலும், பொறாமை என்று ஒன்று இருக்கிறதல்லவா? அதை நான் வயிற்றுக்குள் வைத்திருந்தேன்.

பெருநாளுக்கு உம்மா பச்சைத் துணி எடுத்தார். பூப்போட்ட பச்சை. அதில் எனக்கொரு கவுன், மிஞ்சியதில் தம்பிக்கொரு சின்னச் சட்டை. இரண்டையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் வகுப்புக் கூட்டாளிமார் மூன்று பேரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன்: பெருநாளன்று பத்து மணிக்கு வந்தால் சோடி உடுப்போடு என்னையும் தம்பியையும் பார்க்கலாம் என்று. இதை ஒரு கண்காட்சி போலவே ஏற்பாடு செய்திருந்தேன்.

பெருநாள் காலையில் பள்ளிவாசல் தக்பீர் கேட்டுக்கொண்டிருந்தது. தொழுகை கடற்கரைத் திடலில். உம்மா தம்பிக்குப் பச்சைச் சட்டையைப் போட்டுத் தூக்கிக்கொண்டு, பெரியம்மாவைக் கூப்பிடக் கடப்படிக்குப் போனார். பெரியம்மா பழைய உடுப்போடு அங்கே வந்து நின்றார். கண் வீங்கியிருந்தது.

“எனக்குத் தொழுகையில்ல. நீங்க போயிட்டு வாங்க” என்றார். “புள்ளய இஞ்ச தா. வெயிலுக்குள்ள அவன எதுக்கு கொண்டு போறாய்?”

உம்மா ராத்தாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தம்பியை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

பெருநாளும் அதுவுமாகப் பெரியம்மாவுக்கு மட்டும் ஏன் தொழுகை இல்லை என்று எனக்குப் புரியவில்லை. நேற்றுவரை அவர் முப்பது நோன்பையும் ஒன்றுகூட விடாமல் பிடித்திருந்தார். நான் ஏழு பிடித்திருந்தேன், அதனால் மற்றவர்களுடைய எண்ணிக்கை எல்லாம் எனக்குத் தெரியும். மாதத்தில் சில நாள் பெண்களுக்கு நோன்பும் தொழுகையும் இல்லை என்பதை யாரும் எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்வதில்லை. பதினொரு வருடம் காத்திருந்த ஒருத்திக்கு, விடாமல் பிடிக்கக் கிடைத்த அந்த முப்பது நோன்பும் ஒவ்வொரு நாளும் என்ன நம்பிக்கையைக் கொடுத்திருக்கும், பெருநாள் விடிந்தபோது அது எப்படி ஒரேயடியாக இல்லையென்று ஆகியிருக்கும் என்று நான் விளங்கிக்கொள்ள, எனக்கே கல்யாணமாக வேண்டியிருந்தது.

அன்று நான் கடற்கரைக்குப் போய், மணலில் விரித்த பாயில் உம்மாவுக்குப் பக்கத்தில் நின்று தொழுதேன். அதாவது, குனிந்து நிமிர்ந்தேன். மனமெல்லாம் பத்து மணியில் இருந்தது.

பத்துக்கு முன்பே கூட்டாளிமார் மூவரும் வந்துவிட்டார்கள். வட்டிலப்பம் சாப்பிட்டார்கள். தொதலும் மஸ்கட்டும் சாப்பிட்டார்கள். கவுனைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒருத்தி, “தம்பி எங்க?” என்று கேட்டாள். தம்பி இன்னும் பெரியம்மா வீட்டில்தான் இருந்தான். உம்மா குசினியில் புரியாணிச் சட்டியோடு போராடிக்கொண்டிருந்தார். வாப்பா ஸலாம் சொல்ல வெளியே போயிருந்தார். “இரிங்க, கொண்டு வாறன்” என்று சொல்லிவிட்டு நானே கடப்பால் ஓடினேன்.

பெரியம்மா வீட்டு வாசலில் வெள்ளை ஜீப் ஒன்று நின்றது. பெரியப்பா அம்பாறையில் ஒரு அலுவலகத்தில் கிளாக்கர். புதிதாக மாற்றலாகி வந்த அவருடைய பெரிய அதிகாரி, சிங்களவர், மனைவியோடு பெருநாளுக்கு வந்திருந்தார். அந்த நோனா நல்ல நீலச் சேலை கட்டியிருந்தார். பெரியம்மா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இப்போது அவரும் புதுச்சேலை கட்டியிருந்தார், கண்ணுக்குச் சுறுமா போட்டிருந்தார். மடியில் தம்பி.

தம்பியின் மேல் பச்சைச் சட்டை இல்லை.

வெள்ளை வெளேரென்று ஒரு குட்டி ஜுப்பா. கழுத்தைச் சுற்றி வெள்ளை நூலிலேயே கையால் போட்ட பூவேலை. தலையில் உள்ளங்கை அளவு தொப்பி. மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து தொப்பியின் நாடாவைச் சூப்பிக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டில் மூன்று பேர் காத்திருக்கிறார்கள், என் சோடியைக் கழற்றிவிட்டார்களே!

நான் வாசல்படியில் நின்றது யாருக்கும் தெரியவில்லை. நோனா தம்பியின் மூக்கைத் தொட்டு, தெரிந்த தமிழில் பெரியம்மாவிடம் சொன்னார்: “பபா ஒங்கட மகன்? மூக்கு அம்மா மாதிரியே.”

பெரியம்மா தம்பியைக் குனிந்து பார்த்தார். அவன் மூக்கைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “ஓம்” என்றார்.

“இல்ல!” என்று நான் கத்தினேன். “அது எங்கட தம்பி! என்ட உம்மாட புள்ள! பெரியம்மாக்குப் புள்ளயே இல்ல!”

அந்த நோனாவுக்கு அவ்வளவும் விளங்கியிருக்காது. ஆனால் நான் கை நீட்டிய விதமே போதுமாயிருந்திருக்கும். சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே நின்றது. அவர் கணவர் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார். பெரியப்பா எழுந்து சிங்களத்தில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். விருந்தாளிகளும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தார்.

“ஓம், இவட தம்பிதான்” என்று சொல்லி, தம்பியைத் தூக்கி என் கையில் கொடுத்தார். அவன் விழாமலிருக்க என் கையை அவரே இழுத்து அவன் முதுகில் வைத்தார். “மெல்லப் போ மகள். கடப்படியில கல்லுக் கிடக்கு” என்றார். பிறகு விருந்தாளிகளுக்கு வட்டிலப்பம் வெட்டத் திரும்பிவிட்டார்.

நான் வென்றவள் போலத் தம்பியைச் சுமந்துகொண்டு வந்தேன். பாதி வழியிலேயே அவன் அழத் தொடங்கிவிட்டான். கூட்டாளிமார் அவனைப் பார்த்து, “எவ்வளவு வடிவான ஜுப்பா!” என்றார்கள். பச்சைக் கவுனைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் கதைக்கவில்லை.

சத்தம் கேட்டு உம்மா குசினியிலிருந்து வந்தார். ஜுப்பாவின் விளிம்பைப் புரட்டித் தையலைப் பார்த்தார். “ராத்தா தைச்சதா? எனக்கிட்ட சொல்லவே இல்ல” என்றார். “ஏன் அழுதுக்கு வாறான்?”

“தெரியா” என்றேன்.

மறுநாள் பத்து மணிக்கு உம்மா தண்ணீர் சுட வைத்தார். எண்ணெய்ப் போத்தலை வெயிலில் வைத்தார். பெரியம்மா வரவில்லை. தண்ணீர் ஆறியது. மறுபடி சுட வைத்துவிட்டு என்னை அனுப்பினார். பெரியம்மா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

“தலையிடிக்கிது மகள். உம்மாவையே தண்ணி வாக்கச் சொல்லு” என்றார், திரும்பாமல்.

உம்மாவே குளிப்பாட்டினார். தம்பி தண்ணீரைக் கையால் அடித்து, என் முகத்திலெல்லாம் தெறிக்கவிட்டுச் சிரித்தான். அவனுக்குத் தண்ணீர் இருந்தால் போதும், ஊற்றுவது யார் என்பது அவன் கவலையில்லை. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அன்றும் பெரியம்மா வரவில்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த உம்மா அடிக்கடி கடப்பையே பார்த்தார்.

அன்று பின்னேரம் எனக்குத் தலைசீவிக்கொண்டிருந்தபோது உம்மா கேட்டார்: “பெருநாளண்டு பெரியம்மா வீட்ட என்ன நடந்த?”

நான் சொன்னேன். நோனா கேட்டது, பெரியம்மா சொன்னது, நான் சொன்னது எல்லாம். சொல்லும்போது, பிழை செய்தவர் பெரியம்மா என்பதைத் தெளிவாக்கவும் மறக்கவில்லை. நோன்பு முடிந்த மறுநாளே பொய் சொல்லலாமா?

சீப்பு என் தலையிலேயே நின்றது.

“ராத்தா ஓம் எண்டு சொன்னாவா?” என்று உம்மா கேட்டார்.

“ஓம் உம்மா. என்ட காதால கேட்டன்.”

“அவவே சொன்னாவா?”

“ஓம்.”

எனக்கு அடி விழும், அல்லது பெரியம்மாவுக்கு ஏச்சு விழும் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை. உம்மா என் இரண்டு பின்னலையும் பின்னி முடித்தார். வழக்கத்தைவிட இறுக்கமாகப் பின்னிவிட்டார் போல. தலை வலித்தது. திரும்பிப் பார்த்தபோது, சீப்பில் சிக்கியிருந்த மயிரை எடுப்பது போலக் குனிந்திருந்தார்.

அடுத்த நாள் பத்து மணிக்கு உம்மா தண்ணீர் சுட வைத்து, கேத்தலை என் கையில் தந்தார். உடுப்பில்லாத தம்பியைத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு கடப்பால் நடந்தார். நான் பின்னால் போனேன். பெரியம்மா குசினி வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் சுளகை வேகமாக ஆட்டினார்.

உம்மா போன வேகத்தில் தம்பியை அவர் மடியில் வைத்தார். சுளகில் பாதி அரிசி கீழே கொட்டியது.

“ராத்தா, இவன் எனக்கிட்ட குளிக்கிறானில்ல” என்றார் உம்மா. “தலையில தண்ணி பட்ட உடனே மூச்சப் புடிக்கிறான். முகமெல்லாம் செவந்து போகுது. ரெண்டு நாளா நான் பயந்தே செத்துட்டன்.”

என் வாய் திறந்தது. இரண்டு நாளும் நான் பக்கத்தில்தானே நின்றேன். என் கவுன் நனைந்ததே!

உம்மா திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணை உருட்டவில்லை. விரலைக் காட்டவில்லை. வெறுமனே பார்த்தார். ஏனென்று தெரியாது, நான் வாயை மூடிக்கொண்டேன்.

பெரியம்மா மடியைப் பார்த்தார். தம்பி அவர் முந்தானையைப் பிடித்து வாயில் வைத்தான். அவர் அதை அவன் வாயிலிருந்து மெதுவாக எடுத்தார். பிறகு துவாயை விலக்கி, அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“நீ முகத்துக்கு நேர ஊத்தியிருப்பாய்” என்று தங்கச்சியை ஏசத் தொடங்கினார். “பச்சப் புள்ளைக்கு அப்பிடி ஊத்தினா மூச்சு முட்டாதா? ரெண்டு புள்ள பெத்தும் உனக்கு தண்ணி வாக்கத் தெரியல்ல. அந்தப் பலகைய எடுத்துப் போடுகா.”

உம்மா ஓடிப்போய்ப் பலகையை எடுத்துப் போட்டார்.

எங்கள் கிணற்றடியிலிருந்து பெரியம்மாவின் குசினி ஜன்னலுக்குப் பத்து எட்டுக்கூட வராது. தம்பி சிரித்த சிரிப்பு இரண்டு நாளும் அந்த ஜன்னலுக்குள் கேட்டுத்தான் இருக்கும். அது எனக்கே தெரிந்தது. அப்படியிருக்க, தங்கச்சி சொன்னதை அப்படியே நம்பியவர் போலப் பெரியம்மா ஏன் ஏசுகிறார், அந்த ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு உம்மா ஏன் இவ்வளவு சந்தோசமாக நிற்கிறார் என்று ஒன்றுமே விளங்காமல், நான் சூடான கேத்தலைப் பிடித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.