திரையைத் துவைத்துப் போட்ட நாள்

இரண்டாவது யுத்தம் ஆரம்பிப்பதற்குச் சில வருஷங்கள் முன்பு, ஆம்பூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் நடந்தது இது. எனக்கு அப்போது கைக்குழந்தை. நான் பிறந்த ஊர் குடியாத்தம். அங்கே எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் தறியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு மட்டும் தறி பிடிக்கவில்லை. ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், பதனிட்ட தோல்களைத் தரம் பிரிக்கும் வேலையில் சேர்ந்துவிட்டார்.

வேலை சுலபமாகக் கிடைத்தது. வீடுதான் கிடைக்கவில்லை. தோலைத் தொட்டு வேலை செய்கிறவர் என்று தெரிந்ததும், காட்டிய வீட்டைத் திரும்பப் பூட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. வாடை வரும், தீட்டு வரும் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடைசியில் ஆவாரம்பட்டை வியாபாரி ஒருவர் தன் பழைய வீட்டைக் கொடுத்தார். தோல் பதனிட அந்தப் பட்டைதான் வேண்டும் என்பதால் அவருக்குத் தோல்காரர்கள் மேல் அருவருப்பு இல்லை. அந்த விஷயத்தில் நல்ல மனிதர், அதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்த வீட்டின் அமைப்பு இருக்கிறதே, அதைக் கட்டியவரைத்தான் நான் முதலில் திட்ட வேண்டும். ரயில் பெட்டி மாதிரி நீள வீடு. முன்னறை, அதன் ஓரமாக நடை, சமையலறை, அதைத் தாண்டினால் கிணறும் ஓலைத் தட்டி வைத்த குளிக்கும் இடமும். கொல்லையின் கோடியில் ஒரு பெரிய அறை. அந்த அறை வாடகையில் சேராது, அவருடைய பட்டை மூட்டைகள் இருக்கும் என்று குடி வரும்போதே சொல்லிவிட்டார். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நாங்களும் தலையாட்டினோம். அந்த அறைக்குப் போக வேறு வழியே கிடையாது, என் சமையலறையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே அன்றைக்கு உறைக்கவில்லை.

பட்டையில் ஈரம் ஏறினால் பூஞ்சை பிடித்துப் பாழாகிவிடும். அதனால் மனிதர் நினைத்தபோதெல்லாம் வருவார். காலையில் பல் விளக்கிக்கொண்டிருப்பேன், வருவார். சாப்பிட உட்காருவேன், வருவார். செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. நிமிர்ந்து பார்த்தால் நடையில் நின்று, சுவரில் நான் ஏதாவது ஆணி அடித்திருக்கிறேனா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தரம் அடுப்பில் இருந்த குழம்புச் சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, புளி ஜாஸ்தி என்று சொல்லிவிட்டுப் போனார். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்று, இப்படி மடியில் போட்டால் குழந்தைக்குப் புரையேறும் என்று புத்தி சொன்னதும் உண்டு. நான் புடவையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினால், அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே கொல்லைக்குப் போவார். அவர் கண்ணில் கெட்ட பார்வை எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தூணையும் உரலையும் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

கதவைச் சாத்தி வைக்கலாமே என்று கேட்பீர்கள். சாத்தினேன். பட்டப்பகலில் தெருக்கதவைச் சாத்தினால் அந்தக் காலத்தில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கும். அவரோ கதவைத் தட்டித் திறக்க வைத்து, விளக்கு வைக்கிற வீட்டில் கதவைச் சாத்தினால் லட்சுமி எப்படி வருவாள் என்று என்னையே கடிந்துகொண்டார். லட்சுமி வந்தாளோ இல்லையோ, இவர் தவறாமல் வந்தார்.

எல்லாவற்றுக்கும் உச்சம் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. குழந்தையைத் தூளியில் தூங்க வைத்துவிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துக்கொண்டிருந்தேன். குளிக்கும் இடத்து ஓலைத் தட்டி மட்கி, பாதி விழுந்து கிடந்தது. மாற்றித் தரும்படி பல தடவை கேட்டாகிவிட்டது. அன்றைக்கு இரண்டு கூலியாட்களையும் கூட்டிக்கொண்டு மனிதர் கொல்லைக்கே வந்துவிட்டார். ஏதோ ஒரு ஷாப்பில் அவசரமாகப் பட்டை கேட்டார்களாம். நான் ஈரப் புடவையோடு மிச்சம் நின்ற தட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பிப் போகவில்லை.

"நீ உன் வேலைய பாரும்மா, நாங்க எங்க வேலைய பாக்குறோம்" என்றார்.

மூட்டைகள் ஒவ்வொன்றாக என்னைக் கடந்து போயின. உள்ளே குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டு அழுதது. எழுந்து போக முடியவில்லை. கூலியாட்களுக்குக்கூட வெட்கமாக இருந்தது, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். அவருக்கு மட்டும் ஒன்றுமே இல்லை. கடைசி மூட்டை போகிறவரை நான் அங்கேயே நடுங்கிக்கொண்டு இருந்தேன். அழுகை வந்தது, அதைவிட ஜாஸ்தியாகக் கோபம் வந்தது.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் கேட்டுவிட்டேன். ஒன்று நீங்கள் அவரிடம் பேசுங்கள், இல்லாவிட்டால் நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குடியாத்தம் போகிறேன், நீங்கள் பட்டை மூட்டையோடு குடித்தனம் நடத்துங்கள் என்றேன். பாவம், அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். பேசினால் வீடு போய்விடும், தோலுக்குப் போகிறவனுக்கு இந்த ஊரில் வேறு யார் வீடு கொடுப்பார்கள் என்றார். நான் போனால் அவருக்குக் கஞ்சி காய்ச்சித் தர ஆள் இல்லை. இருந்தால் எனக்குக் குளிக்க இடம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

எங்கள் எதிர்வீடு ஒரு தோல் மண்டி சாயபு வீடு. அந்த வீட்டு அம்மா கோஷா. வெளி ஆண் யாரும் அவர் முகத்தைப் பார்த்தது கிடையாது, குரலைக் கேட்டதும் கிடையாது. வாசலில் எப்போதும் கனமான திரை தொங்கும். நான் சில மத்தியான வேளைகளில் அங்கே போவேன். அவரை அக்கா என்று கூப்பிடுவேன். ஒரு நாள் உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது வெளியே பவ்வியமாக ஒரு இருமல் கேட்டது. திரை ஓரமாகப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சொந்தக்காரர், அந்தப் பட்டைக்காரர்தான்.

கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் அவர் வாசற்படியில்கூடக் கால் வைக்கவில்லை. சாக்கடைக்கு அந்தப் பக்கம், கொளுத்துகிற வெயிலில், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். வேலைக்காரம்மா வெளியே போய், முதலாளி மண்டிக்குப் போயிருக்கிறார் என்று சொன்னாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், வந்து போனதாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆக, இந்த மனிதருக்கு நிற்கத் தெரியும். இருமத் தெரியும். உள்ளே பெண்கள் இருப்பார்கள் என்பதும் தெரியும். என் வீட்டு வாசலுக்கு வந்தால்தான் எல்லாம் மறந்து போகிறது. அக்காவிடம் முதல் தடவையாக அத்தனையும் கொட்டித் தீர்த்தேன். அவர் கேட்டுவிட்டு உள்ளே போய், பழைய திரை ஒன்றை எடுத்துவந்து என் மடியில் போட்டார்.

என் வீட்டுக்காரர் அதைப் பார்த்ததும் திகைத்துப்போனார்.

"நம்ம ஜனம் இன்னா சொல்லும்?" என்றார்.

"நான் குளிக்கிறப்போ நம்ம ஜனம் வந்து மறைச்சுக்கினு நிக்குமா?" என்றேன். அவர் போய்த் தெருவாசலில் கயிறு கட்டிக் கொடுத்தார்.

மறுநாள் பட்டைக்காரர் வந்தார். திரையைப் பார்த்ததும் கால் தானாக நின்றுவிட்டது. இருமினார். அப்படியே தெருப் பக்கம் திரும்பியும் கொண்டார். எனக்கு உள்ளே சிரிப்பு தாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் இது தன்னுடைய வீடு என்பது அவருக்கு ஞாபகம் வந்தது போலிருக்கிறது. சட்டென்று திரும்பிப் பார்த்தார், முணுமுணுத்தார், போய்விட்டார். அன்றைக்கே என் வீட்டுக்காரரை ஷாப்பு வாசலில் பிடித்து, நம்மவர்கள் வீட்டில் எதற்குத் திரை, கழற்றச் சொல் என்று உத்தரவு போட்டிருக்கிறார்.

நான் கழற்றவில்லை. அடுத்த தடவை அவர் ஒரு முடிவோடுதான் வந்தார். நேராகப் படியேறித் திரையில் கை வைத்தார். அப்போது எதிர்வீட்டுத் திரைக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. தெருவில் யாருமே அதுவரை கேட்டிராத குரல்.

"பட்டைக்காரரே, திரையில கை வெக்காதீங்க."

அவர் அப்படியே நின்றுவிட்டார். தெருவில் போன தோல் தரகர்கள் இரண்டு பேரும் நின்றார்கள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதால் சுவரைப் பார்த்துக்கொண்டே, "இது என் வீடும்மா" என்றார்.

"வீடு உங்களுது. அந்தாண்ட பொம்பள இருக்கா. எந்த வீட்டுத் திரையா இருந்தா இன்னா, திரை திரைதான்."

அவர் கையை எடுத்துவிட்டார். எடுக்காமல் என்ன செய்வார்? திரையைத் தூக்கினவன் என்று பெயர் வந்தால் அந்தத் தெருவில் எந்தச் சாயபுவிடமும் ஒரு மூட்டைப் பட்டை விற்க முடியாது. எந்த மண்டியிலும் ஏற்ற மாட்டார்கள்.

அதற்கப்புறம் எனக்கு நல்ல காலம். தெரு முனையிலேயே இரும ஆரம்பித்துவிடுவார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வரலாம் என்று குரல் கொடுத்த பிறகுதான் உள்ளே வருவார். நிம்மதியாகக் குளித்தேன். நிம்மதியாகச் சாப்பிட்டேன். குடியாத்தத்திலிருந்து வந்த என் நாத்தனார் மட்டும் திரையைப் பார்த்துவிட்டு, தம்பி பெண்டாட்டி கோஷா ஆகிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தாள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் பாருங்கள், பொங்கலுக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்தபோது, பட்டைத் தூசி படிந்து திரை மண்ணாக இருந்தது. கழற்றித் துவைத்துக் கொல்லையில் காயப் போட்டேன். தலைமுடியை விரித்துவிட்டுக்கொண்டு நடையில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் எதிரே அவர் நிற்கிறார். இருமலும் இல்லை, ஒன்றும் இல்லை. பழையபடி சுவரைத் தடவிக்கொண்டே என்னைத் தாண்டி நடக்கிறார்.

எனக்கு அந்த நிமிஷம் வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இத்தனை நாள் எனக்காகத்தான் நின்றார் என்று பைத்தியக்காரி மாதிரி நம்பியிருந்தேன். அவர் துணிக்குத்தான் நின்றிருக்கிறார். துணி கொடியில் காய்கிறது, அவரும் வந்துவிட்டார். அதுவரை நான் அவரிடம் நேருக்கு நேராக ஒரு வார்த்தை பேசியது கிடையாது. எது வேண்டுமானாலும் என் வீட்டுக்காரர் மூலமாகத்தான். வீடு போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், பெரியவரிடம் எப்படிப் பேசுவது என்ற கூச்சம் ஒரு பக்கம். அன்றைக்கு இரண்டும் எங்கே போயிற்றோ தெரியவில்லை. முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினேன்.

"ஐயா, வெளிய போங்க. வாசல்ல நின்னு கூப்புடுங்க. நான் வரச் சொன்னா வாங்க."

அவர் நிஜமாகவே குழம்பிப்போய் வாசலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"திரை இல்லியேம்மா" என்றார்.

"திரை இல்லன்னா இன்னா? நான் இருக்கேன்ல?"

சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தெருவில் நின்று இருமினார், கூப்பிட்டார். நான் அவசரப்படவில்லை. குழந்தை வயிறு நிறையக் குடித்து முடித்தது. அதைத் தோளில் போட்டுத் தட்டி, தலையை முடிந்துகொண்டு, அதற்குப் பிறகுதான் வரச் சொன்னேன்.

மறுநாள் என் வீட்டுக்காரரிடம், உன் சம்சாரத்துக்கு வாய் ஜாஸ்தி, பேஜாராய்ப் போச்சு என்று புகார் வந்தது. வீட்டைக் காலி பண்ணச் சொல்வார் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். சொல்லவில்லை. பட்டை நெடியும் ஷாப்பு நாற்றமும் சேர்ந்த அந்த வீட்டில் எங்களை விட்டால் வேறு யார் குடியிருப்பார்கள் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். அது எங்களுக்குத்தான் அதுவரை தோன்றவே இல்லை. திரையை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு என் கன்னத்தைத் தட்டினார். அந்த வீட்டில் இருந்த மட்டும் பட்டைக்காரர் வாசலில் நின்று கூப்பிடாமல் உள்ளே வந்ததில்லை.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் "திரை இல்லியேம்மா" என்ற இடத்தில் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஆனால் என் வீட்டுக்குள் நான் இருக்கிறேன் என்பதையே ஒருவருக்கு வாய் திறந்து சொல்லித்தான் தெரிய வைக்க வேண்டியிருந்தது என்று நினைக்கும்போது, இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை.