தேநீர் கொடுக்கக் கூடாத நாள்

கருப்பையை எடுத்தால் ஆறு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றார் சத்திரசிகிச்சை செய்தவர். இப்போது நான்காவது வருடம். அடிவயிற்றில் ஒரு பிடி, அங்கிருந்து இடுப்பைச் சுற்றி முதுகுக்கு ஏறும் ஓர் இழுவை. பெண்நோய் வைத்தியர் முதுகைக் காட்டச் சொன்னார். எலும்பு வைத்தியர் வயிற்றைக் காட்டச் சொன்னார். மூன்றாமவர், நான் போரை விட்டு வந்தவள் என்பதைக் கோப்பில் கண்டு, மனதைக் காட்டச் சொன்னார். மூவரும் பண்பானவர்கள். மூவரின் கடிதங்களையும் திகதிப்படி கோப்பில் அடுக்கி வைத்திருக்கிறேன்.

அடுக்குவது என் தொழில். ஓய்வு பெறும்வரை ஜெர்மனியில், கொலோன் நகரின் ஓர் ஆலோசனை நிலையத்தில் இருந்து எங்கள் சனங்களுக்கு விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுத்தேன். அதில் ஒன்று பராமரிப்புத் தரம் கேட்கும் விண்ணப்பம். போட்டால் ஒருவர் வீட்டுக்கு வந்து உங்களால் எது ஏலும், எது ஏலாது என்று பார்த்து எழுதிப்போவார். தரம் கிடைத்தால் உடம்பு கழுவிவிட ஆள் வரும். வந்த பெண்களுக்கெல்லாம் ஒரே புத்திதான் சொன்னேன். "அக்கா, அண்டைக்கு வீட்டைக் கூட்டாதேங்கோ. நல்ல சீலை உடுக்காதேங்கோ. தேத்தண்ணி மட்டும் குடுக்காதேங்கோ. நீங்கள் தட்டோட நடந்து வாறதைத்தான் அவர் எழுதுவார்."

ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போய், தேநீரும் கொடுத்து, கேக்கும் வெட்டி வைத்துவிட்டு, மறுப்புக் கடிதத்தோடு திரும்பி வருவார்கள். நான் ஏசுவேன்.

போன மாசியில் எனக்காகவே அந்த விண்ணப்பத்தைப் போட்டேன். காலையில் என்னைக் கழுவிவிடுபவர் என் கணவர். எழுபத்தாறு வயது, வலது தோள் உயராது. ஒருநாள் குளியல் தொட்டிக்குள் இருவரும் சறுக்கி, விளிம்பைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றோம். "அடுத்தமுறை ரெண்டு பேரையும் தூக்க ஆள் வேணும்," என்றார் அவர். அன்றே படிவத்தை எடுத்தேன்.

மதிப்பீட்டாளர் வரும் நாள் காலை, மத்தியான மாத்திரையையும் சேர்த்துப் போட்டுக்கொண்டேன். சீலையை அயன் பண்ணினேன். வந்தவர் இளைஞர், ஜெர்மன்காரர். ஒருவரும் சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்தார். அதோடு என் இருபது வருடப் புத்தி போய்விட்டது. எழுந்து போய்த் தேநீருக்குக் கேத்தலை வைத்தேன். காலையில் நின்று பொரித்த பற்றிஸ் பலகாரத்தையும் அடுக்கி, தட்டோடு நடந்து வந்தேன்.

உங்கள் கால்களை நீங்களே கழுவுவீர்களா என்று கேட்டார். ஓம் என்றேன்.

"அவ எல்லாம் தானே செய்வா," என்றார் கணவர், பெருமையாக.

அவர் போன கையோடு நிலத்தில் படுத்தேன். இருட்டும்வரை எழும்பவில்லை. அறிக்கை தபாலில் வந்தது: நேர்த்தியான தோற்றம். விருந்தினரைத் தானே உபசரிக்கிறார். தரம் இல்லை.

"நீங்கள் ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கணவரைக் கேட்டேன்.

"நீர் ஏன் பற்றிஸ் பொரிச்சனீர்?"

ஆட்சேபிக்க ஒரு மாதம் உண்டு. எத்தனையோ பேருக்கு எழுதிக்கொடுத்த கடிதம்தான். எனக்கென்று எழுத வந்தபோது திகதிக்குக் கீழே பேனா நகரவில்லை. கணவரைக் கூப்பிட்டு, ஒரு நாளில் எனக்குச் செய்வதையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொன்னேன். வெகுநேரம் கதிரையில் இருக்க முடியாததால் குசினி மேசையோடு நின்றபடி எழுதினேன்.

"காலமை உம்மைப் பக்கத்துக்குத் திருப்பிவிடுறன். காலுறை போட்டுவிடுறன். பிறகு கழிவறைக் கதவுக்கு வெளியில நிக்கிறன்."

"அங்க ஏன் நிக்கிறீங்கள்?"

"உள்ளுக்கு நீர் வாயைப் பொத்திக்கொண்டு அழுறது கேக்கும். அது நிண்டாப்பிறகுதான் போவன்."

தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டால் கேட்காது என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அதையும் ஜெர்மன் மொழியில் எழுதினேன்.

கடிதம் போய், இரண்டாம் முறை மதிப்பிட வந்தவர் ஒரு பெண். சப்பாத்தோடு உள்ளே வந்தார். வீட்டுச் சட்டையோடு கதிரையில் இருந்தேன். ஒருவரும் ஒன்றும் குடிக்கவில்லை. அவர் அதே கேள்வியைக் கேட்டார், கால்களை யார் கழுவுவது என்று. நான் கணவரைப் பார்த்தேன்.

"நான்தான்," என்றார் கணவர் தன் உடைந்த ஜெர்மனில். "ஆனால் இப்போது எனக்கும் குனிய முடியாது."

"அப்படியானால் யார்?"

கணவர் தன் கைகளைப் பார்த்தார். "கொஞ்ச நாளாக ஒருவரும் இல்லை."

அந்தப் பெண் குனிந்து என் பாதங்களைப் பார்த்தார். கதிரைக்கு அடியில் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். இடுப்பு நோ விடவில்லை. அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

தரம் கிடைத்தது. செவ்வாயும் வெள்ளியும் ஒரு போலந்துப் பெண் வந்து, பேசின் ஒன்றில் சுடுதண்ணீரோடு முழங்காலில் நின்று என் கால்களைக் கழுவுகிறார். நோ எங்கும் போகவில்லை. வைத்தியர்கள் மூவரும் அடுத்த சந்திப்புக்கு டெர்மின் தந்திருக்கிறார்கள்.

கழுவி முடிந்ததும் அந்தப் பெண்ணுக்குத் தேநீர் கொடுக்கிறோம். அவர் எதையும் எழுதுபவர் இல்லை. கணவர்தான் தட்டைக் கொண்டுவருகிறார். கோப்பைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் குசினியிலிருந்தே கேட்கிறது. போன வெள்ளி, மேசை லாச்சிக்குள் அடுத்த படிவத்தை, இம்முறை கணவருக்கு, எடுத்து வைத்தேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.