வலது கீழ்க் கடைவாய்ப் பல்

கடலில் எட்டுப் பாகம் ஆழத்துக்கு இறங்கினால் தன் பல் பேசுகிறது என்று அண்ணன் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவன் சங்கு குளிக்கிறவன். பேச்சில் புளுகுக்குப் பஞ்சமே இருக்காது. ஆனால் அன்று நான் வேலை பார்க்கும், செயற்கைப் பல் செய்யும் லேபுக்கு வந்து நின்றவன் விளையாட்டுக்குப் பேசவில்லை.

"மொதல்ல சுருக்குன்னு குத்தும்லே. அப்புறம் உள்ளுக்குள்ள ஒரு சத்தம். யாரோ மூச்சு விடுத மாதிரி. மேல வந்தா சத்தம் நின்னுரும்."

பல வருடங்களுக்கு முன் உலோகம் வைத்து அடைத்த பல் அது. வெள்ளி நிறம் போய்க் கறுத்துவிட்டது. அவன் வாய்விட்டுச் சிரித்தால் தெருவுக்கே தெரியும். எங்கள் லேபுக்கு வேலை கொடுக்கும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அடைப்புக்கு அடியில் இடைவெளி விழுந்து காற்று தங்கியிருக்கிறது, ஆழத்தின் அழுத்தத்தில் அதுதான் வலிக்கிறது என்றார். உலோகத்தை எடுத்துவிட்டுப் பீங்கான் வைக்கலாம், பல்லோடு பல்லாக ஒட்டிக்கொள்ளும், ஆனால் கொஞ்ச நாள் கடலில் இறங்க வேண்டாம் என்றும் சொன்னார். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். "யாருக்கும் தெரியக் கூடாது. வள்ளத்துக்காரரு காதுல விழுந்தா என்னைக் கடல்ல எறக்க மாட்டாரு. ஒன் மைனிகிட்டயும் சொல்லாத."

பீங்கான் தூளைக் குழைத்து, மெல்லிய தூரிகையால் அடுக்கடுக்காக வைத்து, சூளையில் சுட்டு அதை நானே செய்தேன். பக்கத்துப் பல்லின் மங்கலான நிறத்தைக்கூட அப்படியே கொண்டுவந்தேன். பொருத்தி முடித்த பிறகு எது பல், எது பீங்கான் என்று டாக்டரம்மாவே இரண்டு முறை குனிந்து பார்த்தார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொஞ்ச நாளில் அண்ணன் போன் செய்தான். "வாயத் தொறந்து சிரிக்கதத்தான் விட்டுட்டேன், ஒன் மைனி பாத்துரக் கூடாதுல்லா. ஆனா சத்தமே இல்லலே. கீழ ஒரே அமைதி." அவன் சந்தோஷமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் ஏனோ உடம்பு சிலிர்த்தது.

பீங்கான் வைத்த இரண்டாவது மாதம் கடலில் இறங்கியவன் ஏறி வரவில்லை. காற்றுக் குழாய் மட்டும் மேலே வந்தது.

ஆறு நாள் தேடினார்கள். அந்த ஆறு நாளும் நான் வேலைக்குப் போனேன், வீட்டில் அவன் மனைவியான மைனியின் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லாமல். லேப் அலமாரியில் அண்ணனின் கீழ்த்தாடை அச்சு இருந்தது, வெள்ளைச் சுண்ணத்தில். மாலையில் அதைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போவேன். காலையில் வந்தால் என்னைப் பார்த்து இருக்கும். கூட்டித் துடைக்கிற அக்கா நகர்த்தியிருப்பாள். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அவளிடம் நான் கேட்கவே இல்லை.

ஏழாவது நாள் காலை உப்பளத்துக்குத் தெற்கே ஒரு உடல் ஒதுங்கியது. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மைனி காவலரிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள், வலது கீழ்க் கடைவாயில் கறுத்த பல் இருக்கும் என்று. உள்ளே போன ஊழியர் திரும்பி வந்து உதட்டைப் பிதுக்கினார். "எல்லாம் வெள்ளைப் பல்லும்மா."

"மாதாவே!" என்று மைனி சுவரில் சாய்ந்துவிட்டாள். எங்கள் தெருவில் கடலோடு போனவனுக்கு உடல் கிடைக்கும்வரை துக்க மணி அடிப்பதில்லை. மாதா கோயில் உபதேசியாருக்குப் போன் போட்டு, "அவரில்ல, மணி அடிச்சிராதீங்க" என்று அழுதுகொண்டே சிரித்தாள். யாரோ டீ வாங்கி வந்தார்கள். நான் டீயைத் தொடவில்லை. அந்தக் கூட்டத்தில் உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"நானும் ஒரு தடவ பாத்துட்டு வாரேன்" என்று உள்ளே போனேன்.

நல்ல உச்சி வெயில் நேரம். அந்த அறை மட்டும் சில்லென்று இருந்தது. முகம் என்று சொல்லும்படி மீன்கள் எதையும் விட்டுவைக்கவில்லை. பற்கள் மட்டும் முழுசாக இருந்தன. கைபேசி வெளிச்சத்தில் அந்தப் பல்லைப் பார்த்தேன். தானாக முளைத்த பல் போலவே இருந்தது. இது யாரோ, கடவுளே இது யாரோவாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே, சட்டைப்பையில் இருந்த பல் சோதிக்கும் கம்பியை எடுத்து அதன் மேல் மெதுவாக இழுத்தேன். வழுக்கிக்கொண்டு போன கம்பி, பல்லும் பீங்கானும் சேரும் முடி அளவு விளிம்பில் தடுக்கியது. இன்னொரு முறை இழுத்தேன். அதே இடத்தில் தடுக்கியது.

"இது எங்க அண்ணன்தான்" என்றேன்.

"எத வச்சு சொல்லுதீங்க?" என்றார் கூட வந்த காவலர்.

"நான் செஞ்ச பல்லு சார்."

வெளியே மைனி டீ குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வலி, சத்தம், பீங்கான், அவன் வாங்கிய சத்தியம் எல்லாம். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"அவருக்குப் பல்லு வலிக்கது எனக்குத் தெரியும் தம்பி. சங்கு குளிச்சிட்டு வந்த அன்னைக்கெல்லாம் தாடையப் புடிச்சிக்கிட்டேதான் தூங்குவாரு. வலி இருக்க வரைக்கும் ரொம்ப ஆழத்துக்குப் போமாட்டாருன்னு நான் தெரியாத மாதிரியே இருந்துட்டேன். அது கொணமாயிரக் கூடாதுன்னு தெனமும் மாதாகிட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன்."