பச்சையம்மாளின் காயாத சேலை

பிடிவாதத்துக்குப் பரிசு கொடுத்தால் எங்கள் நைனார்பாளையத்தில் செல்லமுத்துவைத் தவிர வேறு யாரும் மேடை ஏற முடியாது. மரவள்ளியில் கையைச் சுட்டுக்கொண்டு, பிறகு கறிக்கோழிக் கொட்டகை போட்டவர். குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்கும். வளர்த்துக் கொடுப்பது அவர் பாடு. சித்திரை வெயிலில் கொட்டகையைச் சுற்றிச் சாக்குப் படுதா கட்டி, தண்ணீர் அடித்து, கோழிகளைக் காப்பாற்றியவர் என்று பெயர் வாங்கியிருந்தார்.

ஆவணியில் ஒருநாள் கல்வராயன் மலைமேல் மேகம் வந்து உட்கார்ந்தது. இறங்கவும் இல்லை, கலையவும் இல்லை. காற்றே கிடையாது, உடம்பெல்லாம் பிசுபிசுப்பு. மறுநாள் கோழி ஏற்ற வண்டி வர வேண்டும். போன முறை நோயில் நிறைய செத்துப்போனதால், இந்த முறையும் செத்தால் இனிக் குஞ்சு இறக்க மாட்டோம் என்று கம்பெனிக்காரன் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அன்று மத்தியானம் கோழிகள் வாயைப் பிளந்து இரைக்க ஆரம்பித்தன. செல்லமுத்து வழக்கம்போல் சாக்குகளை இறக்கித் தண்ணீர் அடித்தார். மனைவி பச்சையம்மாள் கொடியில் கிடந்த சேலையை எடுத்துவந்து காட்டினாள்.

"காலையில போட்டதுங்க, இன்னும் சொட்டுது. இதே காயல, சாக்குல அடிக்கிற தண்ணி எங்க காயும்? அது காஞ்சாத்தான உள்ள குளுரும்? சாக்கத் தூக்கி வுடுங்க."

"நீ போய் வூட்டு வேலையப் பாரு. கோழி வளக்கறவனுக்குத் தெரியாதா?"

அவள் அரிவாளை எடுத்துச் சாக்குக் கயிற்றை அறுக்கப் போனாள். அவர் அவள் கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளிவிட்டு, மறுபடியும் தண்ணீர் அடித்தார். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் கொல்லையில் நின்று நானும் கத்திப் பார்த்தேன். கேட்கிற ஆளா அவர்?

கொட்டகைக்குள் இட்லிப் பானை மாதிரி ஆவி கட்டிக்கொண்டது. கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. கடைசியில் அவரே சாக்குகளைப் பிய்த்தெறிந்தபோது பாதிக்குமேல் விறைத்துக் கிடந்தன. பொழுது சாய மழை பிடித்து ஊரே குளிர்ந்தது. நனைந்துகொண்டே இருவரும் குழி வெட்டினார்கள்.

அதன் பிறகு கம்பெனி குஞ்சு இறக்கவில்லை. கொட்டகை காலியாகக் கிடக்கிறது. ஆனாலும் புழுக்கமான நாளில் செல்லமுத்து கொடிக்குப் போய்ச் சேலையைத் தொட்டுப் பார்க்கிறார். பார்க்கவே பாவமாக இருக்கிறது. நேற்றும் தொட்டுப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"ஈரம் அப்படியே கீது. நீ சொன்னது சரிதான்."

பச்சையம்மாள் அவர் கையிலிருந்து சேலையை வாங்கித் திருப்பிப் போட்டாள்.

"இனிமே அது காஞ்சா இன்னா, காயாட்டி இன்னா," என்றாள்.