மெய்லினுக்குக் கட்டிய கம்பிகள்

துபாயில் கப்பல் பழுதுபார்க்கும் யார்டு ஒன்றில் நான் ரிக்கராக இருந்தேன். கனமான சாமானை வயர் ரோப், செயின், அவற்றைப் பூட்டும் ஷாக்கிள் எல்லாம் போட்டுக் கட்டித் தூக்கி, வேண்டிய இடத்தில் பதமாக இறக்கி வைப்பவனுக்கு ரிக்கர் என்று பெயர். புரொப்பெல்லர், பாய்லர், நங்கூரச் சங்கிலி என்று என்னென்னவோ தூக்கியிருக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், இதுவரை கட்டியதில் பெரிய லோடு எது என்று என்னிடம் கேட்பதுண்டு. ஒரு சிமெண்டு மூட்டைக் கனம்கூட இல்லாத ஒரு சீனப் பெண்தான் என்பேன். சிரிப்பார்கள். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது அது.

வெள்ளிக்கிழமை ஜாப்

வெள்ளிக்கிழமை லீவு. தொழிலாளர் கேம்பில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஃபோர்மேன் சுலைமான் காக்கா வந்து நின்றார். காயல்பட்டினத்துக்காரர். அண்ணனை அவர்கள் காக்கா என்பார்கள். தூத்துக்குடிக்காரனான நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

"தம்பி, சட்டையைப் போட்டுட்டுக் கெளம்பு. சின்ன ஜாப்தான். சீனாவுலேர்ந்து ஜிம்னாஸ்டிக் டீம் வந்திருக்கு. கம்பி கட்டணுமாம்."

"சர்க்கஸா காக்கா?"

"சர்க்கஸ் இல்லடா. உலகப் போட்டியில மெடல் வாங்குன புள்ளைங்க. சாயந்தரம் ஷோ."

கண்காட்சி ஹாலுக்குப் போனோம். பெண்கள் ஆடும் இரட்டைக் கம்பி அங்கே பாதி பிரித்த நிலையில் கிடந்தது. உயரமாக ஒரு கம்பி, தாழ்வாக ஒரு கம்பி. தூண்கள் ஆடாமல் நிற்க நாலு பக்கமும் வயர் இழுத்துத் தரையில் மாட்ட வேண்டும். அதற்குத் தரையில் கொக்கி வேண்டும். புத்தம்புதுப் பளிங்குத் தரை அது. ஹால் மேனேஜர் அரபி. டிரில் மெஷினைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றுவிட்டார்.

"மாஃபி டிரில்! கலாஸ்!"

துளை கிடையாது, பேச்சு முடிந்தது.

யார்டிலிருந்து நாலு கான்கிரீட் பிளாக் கொண்டுவந்தோம். அடியில் ரப்பர் விரித்து, பிளாக்கின் கொக்கியில் வயரை மாட்டி, வயரை இறுக்கும் டர்ன்பக்கிளைத் திருகி முறுக்கேற்றினேன். நாலு வயரையும் தட்டிப் பார்த்தேன். ஒரே மாதிரி சத்தம். எனக்குத் திருப்தி.

"இடது பக்கம் லூஸ்"

அப்போதுதான் மெய்லின் வந்தாள். பத்தொன்பது வயது என்றார்கள். பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தாள். கூடவே கோச், நாற்பது வயதுப் பெண்மணி, சிரிக்காத முகம். பேச்சை மாற்றிச் சொல்ல, துபாயின் கராமா பகுதியில் ஹோட்டல் வைத்திருந்த சென் பாய் வந்திருந்தார். கல்கத்தாவில் பிறந்த சீனர். இந்தி தண்ணீர்பட்ட பாடு. அவர் இந்தியில் சொன்னதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவள் உள்ளங்கையில் வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொண்டு, எம்பி மேல் கம்பியைப் பிடித்தாள். ஒரு வீச்சு, இரண்டாவது வீச்சு. மூன்றாவதில் தலைகீழாகக் கம்பிக்கு மேல் நேராக நின்றாள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று கீழே குதித்துவிட்டாள். சென் பாயிடம் ஏதோ சொன்னாள்.

"இடது பக்கம், பின்னால இருக்கிற வயர் லூஸ்ங்கிறா" என்றார் சென் பாய்.

"லூஸா? நான் இப்பத்தான் தட்டிப் பார்த்தேன்" என்றேன். கொஞ்சம் ரோஷமாகவே.

அவள் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துப் போய் அந்த வயரின் மேல் வைத்தாள். "பிடிச்சுக்கோ" என்பதுபோல் சைகை. திரும்பவும் ஏறி வீசினாள். அவள் உடல் கீழே வந்து மேலே திரும்பும் நொடியில் என் விரலுக்கடியில் வயர் முணுக்கென்று ஒரு துளி தளர்ந்தது. மயிரிழை. நின்றுகொண்டு பார்த்தால் எந்த ரிக்கருக்கும் தெரியாது. குனிந்து பிளாக்கைப் பார்த்தேன். தரையில் பூசிய மெழுகில் ரப்பர் வழுக்கி, உள்பக்கம் நகர்ந்திருந்தது. இன்னும் பத்து வீச்சு வீசியிருந்தால் தூண் சாய்ந்திருக்கும்.

தலைகீழாகச் சுழலும்போது அந்தத் தளர்வு அவள் உள்ளங்கைக்குத் தெரிந்திருக்கிறது.

கோச் உடனே கையை அசைத்தார். "கம்பி வேண்டாம். தரையில் ஆடுவதை மட்டும் வைத்துக்கொள்வோம்."

சுலைமான் காக்கா என் காதில் சொன்னார்: "நல்லதாப் போச்சு தம்பி. புள்ளைக்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா நம்ம தலையிலதான் விடியும். வா, போயிரலாம்."

மெய்லின் கோச்சிடம் தணிந்த குரலில் விடாமல் பேசினாள். கோச் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் எங்களிடம் வந்தாள்.

"இதைச் சரி பண்ண முடியுமான்னு கேக்குறா" என்றார் சென் பாய். "இன்னிக்கு அவளுக்குக் கடைசியாம். ஊருக்குப் போனதும் டீம்லேர்ந்து ரிட்டயர்."

நான் காக்காவைப் பார்த்தேன். அவர் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "என்ன வேணும்? சொல்லு."

தூணின் அடிச்சட்டத்துக்கும் பிளாக்குக்கும் நடுவே எச்-பீம் இரும்புத் துண்டை முட்டுக் கொடுத்துவிட்டால் பிளாக் உள்ளே நகராது. மெழுகையும் துடைத்தெடுக்க வேண்டும். சொன்னேன். காக்காவே பிக்கப்பை எடுத்துக்கொண்டு யார்டுக்குப் பறந்தார்.

கை

நான் மண்டியிட்டு மெழுகைத் துடைக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து விரல்களுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். சென் பாய் அவளிடம் கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்னார்.

ஆறு வயதில் விளையாட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். வீடு வேறு ஊரில். புத்தாண்டுக்கு மட்டும் அம்மாவைப் பார்ப்பாள். பதிமூன்றில் பெய்ஜிங், தேசிய டீம். பதினைந்தில் உலகப் போட்டியில் டீமோடு மெடல். அதற்கடுத்த பெரிய போட்டிக்குச் சில வாரம் இருக்கையில் மணிக்கட்டு முறிந்தது. மற்றவர்கள் விமானம் ஏற, இவள் கட்டோடு உட்கார்ந்து டிவியில் பார்த்தாள். இனி இவள் அவ்வளவுதான் என்றார்களாம். திரும்பி வந்தாள். இரட்டைக் கம்பியில் உலக ஃபைனல்வரை போனாள். மேல் கம்பியை விட்டுவிட்டுக் காற்றில் பறந்து, உடலைச் சுழற்றி, மறுபடி அதே கம்பியைப் பிடிக்கும் ஐட்டம் ஒன்று. அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். ஃபைனலில் அதைப் பிடிக்கத் தவறி விழுந்தாள். எழுந்து மிச்சத்தை ஆடி முடித்தாள். கடைசி இடம். அதற்குள் சின்னப் பிள்ளைகள் மேலே வந்துவிட்டார்கள்.

"அதை இன்னொரு தடவை ஜனங்க முன்னாடி பிடிச்சிட்டுப் போகணுமாம்" என்றார் சென் பாய்.

அவள் கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. அதன்மேல் பிய்ந்து ஆறிய தழும்பு. வயர் ரோப் இழுத்து இழுத்து என் கையும் அப்படித்தான் இருக்கும். நானும் விரித்தேன். பார்த்துவிட்டு அவள் பெரிதாகச் சிரித்தாள். அவளுடையது என்னுடையதைவிடக் கெட்டியாக இருந்தது. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது.

காக்கா கொண்டுவந்த முட்டு இறங்கியது. மறுபடி ஏறிச் சோதித்தாள். இந்தத் தடவை நாலு வயரையும் அவளே தொட்டுப் பார்த்தாள். கோச்சும் ஒவ்வொரு ஷாக்கிளாகப் பார்த்து, கடைசியில் தலையை அசைத்தார்.

ஷோ

சாயந்தரம் ஹால் நிறைந்தது. அரபிக் குடும்பங்கள், வெள்ளைக்காரர்கள், கராமாவிலிருந்து வந்த நம் ஜனம். நானும் காக்காவும் பிளாக்கை ஒட்டிக் கீழே உட்கார்ந்திருந்தோம். காக்காவின் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது.

மெய்லின் ஏறினாள். காலையில் பார்த்தது சும்மா என்று அப்போதுதான் தெரிந்தது. கீழ்க் கம்பியிலிருந்து மேல் கம்பிக்கு அவள் தாவியது கண்ணுக்கே பிடிபடவில்லை. சுற்று வேகமானது. கம்பி வில்லாக வளைந்து நிமிர்ந்தது. அவள் கையை விட்டாள்.

பறந்தாள். சுழன்றாள். கை நீண்டது. விரல் நுனி கம்பியில் பட்டு வழுக்கியது.

மெத்தையில் பொத்தென்று குப்புற விழுந்தாள். ஹால் முழுக்க ஒரே அலறல். என் கண் பிளாக்குக்குத்தான் போனது. முட்டு விட்டதா? வயர் அறுந்ததா? வயரைப் பிடித்துப் பார்த்தேன். இரும்பாக நின்றது. தலையைத் தூக்கினேன்.

அவள் முழங்காலை ஊன்றி எழுந்துகொண்டிருந்தாள். கோச் ஓடி வந்துகொண்டிருந்தார். மெய்லின் கோச்சைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைத் தேடிப் பார்த்தாள். வயரைக் காட்டி இல்லை என்று தலையாட்டினாள். தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். தவறு உன்னுடையது இல்லை, என்னுடையது.

பிறகு பொடியைத் தேய்த்துக்கொண்டு மறுபடி ஏறினாள்.

அதே சுற்று, அதே வேகம். கையை விட்டாள். மேலே போய், சுழன்று, இறங்கும்போது இரண்டு கையும் கம்பியில் பளீரென்று விழுந்தன. அந்த அதிர்வு வயர் வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது. பிடித்துவிட்டாள். அங்கிருந்து வீசி, காற்றில் இரண்டு குட்டிக்கரணம் போட்டு, இறங்கிய இடத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றாள்.

ஹால் எழுந்து நின்று கைதட்டியது. சிரிக்காத கோச் அவளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். காக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யா அல்லாஹ், என்ன புள்ளடா இது" என்றார்.

கம்பியைப் பிரிக்கும்போது அவள் நன்றி சொல்ல வந்தாள். எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. சென் பாய் மூலம் கேட்டேன்: விழுந்த வலியில் முதலில் என்னை ஏன் பார்த்தாய்?

அவள் கொஞ்சம் யோசித்தாள். அவள் சொன்னதைச் சென் பாய் அப்படியே மெதுவாகச் சொன்னார்:

"விழுந்தா எனக்கு ஒரு வாரம் வலிக்கும். தான் கட்டினது விட்டுப்போச்சுன்னு அவர் நினைச்சிட்டா, நாளைக்கு எந்தத் தைரியத்துல கட்டுவாரு?"

கையைக் கூப்பினேன். அவளும் கூப்பினாள்.

சனிக்கிழமை காலை எனக்கு ஒரு கப்பலின் சுக்கானைக் கழற்றி இறக்கும் டியூட்டி. எங்கள் யார்டில் அதுவரை இறக்கியதிலேயே கனமானது அதுதான். வயரைக் கட்டி, ஷாக்கிளைப் பூட்டி, கிரேன்காரனுக்குத் தயங்காமல் கையைத் தூக்கி சிக்னல் கொடுத்தேன். அதற்குப் பிறகு பல வருடம் சூப்பர்வைசராக இருந்தேன். சைட்டில் ஏதாவது பிசகி, அது கட்டிய தொழிலாளியின் தவறு இல்லை என்றால், அதை அவனிடம் அந்த இடத்திலேயே, மற்ற எதற்கும் முன்னால் சொல்லிவிடுவேன். நான் கற்ற ரிக்கர் வேலையில் பாதி அதுதான்.