ரப்பர் வளையம் மாற்றாத பீர்

லயல் பாஸ்கோவைப் போல அலுத்துப்போன ஆளை ஆஸ்திரேலியாவின் இந்த வயாலா ஊரில் நான் பார்த்ததில்லை. இரும்பாலையில் முப்பத்தோரு வருஷம் கிரேன் ஓட்டியவன். ஓய்வு பெற்றதும் மனைவி ரேலீனுக்குப் புற்றுநோய் வந்தது. மருந்து ஏற்றியதில் நோய் அடங்கியது, கூடவே அவள் நாக்கும் செத்துப்போனது. எதைக் கொடுத்தாலும் காகித அட்டையை மெல்வது போல இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவாள். நாற்பத்தொரு கிலோவுக்கு இறங்கிவிட்டாள். இன்னும் இறங்கினால் மூக்கில் குழாய் போட்டுத்தான் ஊட்டவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். லயல் சூப் வைத்தான், கஸ்டர்டு கிண்டினான், மீன் பொரித்தான். எல்லாவற்றையும் கடைசியில் அவனே தின்றான்.

வீட்டில் பீர் காய்ச்சுவதை மட்டும் அவன் விடவில்லை. காய்ச்சுவது பெரிய வேலையில்லை. அறுபது பாட்டில் கழுவி, நிரப்பி, மூடி அடிப்பதுதான் உயிரை வாங்கும். விரல் மூட்டு, முழங்கால் எல்லாம் வீங்கிப்போனதால், மொத்தத்தையும் கெக் என்கிற ஒரே எஃகுப் பீப்பாயில் ஊற்றி, கேஸ் ஏற்றி, குழாயைத் திறந்து குடிப்பது என்று முடிவு செய்தான். நான் பக்கத்து வீட்டுக்காரன். கேட்காமலே யோசனை சொல்கிறவன்.

"பத்து லிட்டர் கெக் வாங்குடா. பத்தொன்பது லிட்டர நீ தூக்கினா, அப்புறம் உன்னத் தூக்க ஆறு பேரு வரணும்."

"பத்து லிட்டர் உன் ஒருத்தனுக்கே பத்தாது" என்றான்.

சோடா கம்பெனிகள் கழித்துப்போட்ட பழைய கெக் ஒன்றை வாங்கி வந்தான். அதில் ஒரு சிக்கல் உண்டு. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் மூடியின் ரப்பர் வளையங்களில் முன்பு அதில் இருந்த கலர் சோடாவின் வாடை ஊறிப்போயிருக்கும், அவற்றை மாற்றியே ஆகவேண்டும். புது வளையங்களும் வாங்கித்தான் வைத்திருந்தான். பீரை ஊற்றவேண்டிய அன்று காலையெல்லாம் ஆஸ்பத்திரியில் காத்திருப்பு, மதியம் ரேலீன் வாந்தி எடுத்த விரிப்புகளைத் துவைக்கிற வேலை. பழைய வளையத்தோடே மூடியை இறுக்கிவிட்டான்.

இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை மத்தியானம், கொட்டகையில் முதல் கிளாஸை என்னிடம் நீட்டினான். வாயில் வைத்தேன், துப்பினேன். சர்சபரில்லா! நம் நன்னாரி சர்பத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி.

"என்னடா இது, இருமல் மருந்தா?"

அவன் சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"ரப்பர மாத்தல. மறந்துட்டேன். ஒரு வேலயக்கூட ஒழுங்கா செய்ய முடியலப்பா. களைச்சுப்போயிட்டேன்."

அவன் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. கேலி செய்த என் வாயில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்போது ரேலீன் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். "ரெண்டு பேரும் எழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றபடி என் கையிலிருந்த கிளாஸை வாங்கி ஒரு மடக்கு குடித்தாள். முகம் கோணிப்போனது.

"சீ! பீரா இது? சர்சபரில்லாவ ஊத்தித் தொலச்சிருக்க!"

நாங்கள் இருவரும் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நாக்கு செத்துப்போன இந்த ஐந்து மாதத்தில் அவள் ஒரு ருசியைப் பெயர் சொல்லித் திட்டியது அதுதான் முதல் தடவை. லயல் எழுந்து நின்றான்.

"குடு, கொட்டிடுறேன்."

"கொட்டுறது இருக்கட்டும். வாயெல்லாம் நாறுது. ரொட்டி சுட்டுக் கொண்டா, வெண்ணெய் தடவி."

ஓடினான். அந்த முழங்காலோடு ஓடினான்.

ஒரு துண்டு முழுசாகத் தின்றாள். இரண்டாவதைப் பாதியில் நிறுத்தி, வெண்ணெயில் உப்பு அதிகம் என்று அவனைத் திட்டினாள்.